ஒற்றைக் கோட்டில் அடித்த விடை

விமர்சனச் சிந்தனை என்ற தாளை நான் கேட்டு வாங்கவில்லை. என் தலையில் கட்டினார்கள். முதலாண்டு மாணவர்கள் எந்தப் பாடம் எடுத்திருந்தாலும் சரி, பல்கலைக்கழகப் படிப்புக்கு வேண்டிய யோசிக்கும் திறன் அவர்களுக்கு வர வேண்டும் என்று புதிதாக ஒரு தாள் வைத்தார்கள். துறை துறையாகக் கேட்டுப் பார்த்து, எல்லாரும் கையை விரித்த பிறகு, தமிழ்த் துறையில் கௌரவ விரிவுரையாளராக இருந்த என்னிடம் வந்து நின்றது. அந்த வேலையில் இருப்பவர்களுக்கு அடுத்த ஆண்டு வேலை உண்டா இல்லையா என்பது ஜூன் மாதம்தான் தெரியும். மாட்டேன் என்று சொல்லக்கூடிய இடத்தில் நான் இல்லை.

ஒரத்தநாட்டிலிருந்து தஞ்சாவூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, இன்னொரு பஸ் மாறிக் கல்லூரிக்குப் போவேன். அந்த வகுப்பை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டிருந்தார்கள். பிள்ளைகளில் பாதிப் பேர் விடிகாலையில் கேட்டரிங் வேலைக்குப் போய்ப் பந்தி பரிமாறிவிட்டு வருபவர்கள். சிலர் மாலையில் ஜவுளிக் கடையில் நிற்பவர்கள். அவர்களும் தூக்கக் கலக்கத்தில் இருந்தார்கள், நானும்தான். யோசிப்பதற்கு அதைவிட மோசமான நேரம் ஒரு நாளில் கிடையாது.

ஒரு கருத்தைக் கேட்டால் யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னார், வேறு விதமாகவும் இருக்கலாமா, என்ன தெரியவந்தால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன் என்று கேட்க வேண்டும். இவ்வளவுதான் பாடம். நான் சொல்லச் சொல்ல எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். மறுநாள் கேட்டேன், ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வதந்தியைக் கொடுத்து இதை விமர்சன நோக்கில் பாருங்கள் என்றேன். வதந்தியின் நன்மைகள் என்று தலைப்புப் போட்டு, அதன் கீழே, செய்தி விரைவாகப் பரவுகிறது, மக்களிடையே தொடர்பு வளர்கிறது என்று எழுதித் தந்தார்கள். பிறகு வதந்தியின் தீமைகள். பிறகு முடிவுரை. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எதைக் கொடுத்தாலும் நன்மை, தீமை என்று பிரித்து, கடைசியில் எல்லாம் பயன்படுத்துவோர் கையில் இருக்கிறது என்று முடிக்கத்தான் பள்ளிக்கூடத்தில் அவர்களைப் பழக்கியிருந்தார்கள். என்னையும் அப்படித்தான் பழக்கினார்கள்.

அவர்களிடம் நான் பார்க்க ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. எழுதிக்கொண்டு வரும்போது, இது சரியில்லையே என்று தோன்றி, எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதிய ஒரு தாள். ஒன்றுகூட வரவில்லை. அடிப்பது எங்கள் பக்கத்தில் ஏறக்குறையக் குற்றம். அடித்தல் திருத்தல் இன்றி எழுதுக என்பதை முதல் வகுப்பிலிருந்தே கேட்டு வளர்கிறோம். கூலி வேலை செய்த என் அப்பா கடைசிக் காலத்தில் கொஞ்சம் நிலம் கிரயம் வாங்கினார். அந்தப் பத்திரத்திலும் பக்கத்துக்குப் பக்கம் அடியில் அடித்தல் திருத்தல் இல்லை என்று எழுதியிருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த அப்பா, வீட்டுக்கு வருபவர்களிடம் அந்த வரியைத்தான் விரல் வைத்துக் காட்டுவார். பட்டாவில் ஓர் எழுத்து அடிபட்டிருந்தால் தாலுகா ஆபீசுக்கு எத்தனை நடை நடக்க வேண்டும் என்று தெரிந்த ஊரில், பிள்ளைகளிடம் போய்த் தைரியமாக அடியுங்கள் என்று சொன்னால் எப்படி அடிப்பார்கள்?

ஆனாலும் சொன்னேன். யோசித்த அடையாளம் தெரிய வேண்டும், அடித்தல் திருத்தலோடுதான் அடுத்த கட்டுரையைக் கொண்டுவர வேண்டும் என்றேன். கொண்டுவந்தார்கள். முத்து முத்தான கையெழுத்தில் நல்ல பிரதி எடுத்து, அதில் நடுவில் ஒரு வரியை மட்டும் ஸ்கேல் வைத்துச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் அடித்திருந்தார்கள். ஒரு பெஞ்சு முழுக்க ஒரே வரியை அடித்திருந்தது. எனக்கு வந்த கோபத்தில் தாள்களை மேசையில் போட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மேம், சொன்ன மாதிரிதான செஞ்சோம் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அது உண்மைதான்.

இந்தச் சலிப்போடுதான் அந்த மார்கழியில் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போனேன். தஞ்சாவூரில் ஒரு கல்லூரிக் கலையரங்கில் நடந்தது. பல ஊர்க் கல்லூரிகளின் தாள்கள் கட்டுக் கட்டாக வந்திருந்தன. மாணவர் பெயரும் கிடையாது, பதிவெண்ணும் கிடையாது. அதைக் கிழித்துவிட்டு வேறு ஓர் எண் போட்டிருப்பார்கள். சீர்காழிப் பிள்ளையா, கூத்தாநல்லூர்ப் பிள்ளையா, என் வகுப்புப் பிள்ளையேதானா என்று நமக்குத் தெரியாது. முதல் பக்கத்தின் மூலையில் அடையாளக் குறி எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாகப் பிள்ளையார் சுழியோ, 786 என்றோ, ஒரு சிலுவையோ இருக்கும். அதை யாரும் கண்டுகொள்வதில்லை.

திருத்துபவர்கள் எல்லாருக்கும் 'கீ' கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் என்னென்ன கருத்து இருந்தால் எவ்வளவு மதிப்பெண் என்று அதில் இருக்கும். விமர்சனச் சிந்தனைத் தாளுக்கும் கீ இருந்தது. டெல்டா விவசாயிகள் நெல்லை விட்டுவிட்டு மாற்றுப் பயிருக்கு மாற வேண்டும் என்ற கருத்தை விமர்சன நோக்கில் ஆராய்க என்பது பத்து மதிப்பெண் கேள்வி. அதற்குக் கீயில் போட்டிருந்தது: முன்னுரை, மாற்றுப் பயிரின் நன்மைகள், தீமைகள், முடிவுரை. பார்த்ததும் எனக்குக் களைப்பாக இருந்தது. ஆறு மாதம் வகுப்பில் எதை வேண்டாம் வேண்டாம் என்று கத்தினேனோ, அதையே அச்சடித்து என் கையில் கொடுத்திருந்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த கட்டில் அந்தத் தாள் இருந்தது. முதலில் எதுவும் விசேஷமாகத் தெரியவில்லை. மற்ற கேள்விகளைச் சுமாராகத்தான் எழுதியிருந்தது அந்தப் பிள்ளை. ஆணா பெண்ணா என்று தெரியாததால் பிள்ளை என்றே சொல்கிறேன். கூட்டிப் பார்த்தேன். தேர்ச்சிக்கு ஐந்தாறு மதிப்பெண் குறைந்தது. பத்து மதிப்பெண் கேள்விதான் பாக்கி. அதில் கிடைப்பதை வைத்துத்தான் பாஸ் ஆவதும் அரியர் விழுவதும். அந்தப் பக்கத்தைத் திருப்பினால், முழுக்க அடித்திருந்தது.

முன்னுரை, நன்மைகள், தீமைகள், முடிவுரை எல்லாம் அழகாக எழுதி, தலைப்புகளுக்கு அடிக்கோடும் போட்டு, பிறகு ஒவ்வொரு வரி மேலும் ஒற்றைக் கோடாகப் பேனாவால் இழுத்திருந்தது. ஸ்கேல் வைக்கவில்லை. கோடுகள் கொஞ்சம் கோணலாக இருந்தன. அதற்குக் கீழே இப்படி எழுதியிருந்தது: 'மேலே எழுதியது நான் மனப்பாடம் செய்தது. எழுதி முடித்த பிறகு எனக்கு அதில் சந்தேகம் வருகிறது. அதனால் அடித்துவிட்டேன்.'

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

'மாற வேண்டும் என்று சொல்பவர் எந்த வயலைச் சொல்கிறார் என்று கேள்வியில் இல்லை. எங்கள் வயல் கடைமடையில் இருக்கிறது. கார்த்திகையில் மழை பிடித்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், வடிய இடம் கிடையாது. அதில் நெல்லைத் தவிர வேறு எது போட்டாலும் அழுகிவிடும். தை அறுப்புக்கு முன்னால் அந்த ஈரத்திலேயே உளுந்து தெளிக்கிறோம். அது மாற்றுப் பயிரா இல்லையா? பேராவூரணியில் தென்னை வைத்திருக்கும் என் சித்தப்பாவைக் கேட்டால் மாற வேண்டும் என்றுதான் சொல்வார். அவர் நிலம் மேடு. ஆனால் புயலில் அவர் மரங்கள் விழுந்தன. நெல் விழுந்தால் அடுத்த போகம் உண்டு, தென்னை விழுந்தால் அப்படி இல்லை. அதனால் அவர் சொல்வதும் முழுக்கச் சரி என்று சொல்ல முடியாது. நான் சொல்வதும் தவறாக இருக்கலாம், ஏனென்றால் நான் எங்கள் ஊர் வயலை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வதற்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டியது'

அதோடு நின்றுவிட்டது. மணி அடித்துத் தாளை வாங்கியிருப்பார்கள். முதல் பதிலை எழுதவே நேரம் போயிருக்கும்.

என் கண் கலங்கியது. அப்படிக் கலங்கியதில் எனக்கே எரிச்சலாகவும் இருந்தது. வகுப்பு வகுப்பாகத் தொண்டை வறளக் கத்தி ஒருவரிடமும் வராத ஒன்று, யார் பெற்ற பிள்ளையோ, எந்த ஊரோ, பரீட்சை ஹாலில் தனியாக உட்கார்ந்து செய்திருக்கிறது. மார்க் போய்விடும் என்று தெரிந்தே செய்திருக்கிறது. எட்டு மதிப்பெண் போட்டேன். முடிக்கவில்லை என்பதற்காகத்தான் இரண்டைக் குறைத்தேன்.

திருத்திய கட்டுகளில் சில தாள்களை முகாமின் சேர்மன் எடுத்துச் சரிபார்ப்பார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், சர்க்கரை உள்ளவர். கால் வீக்கத்துக்காகச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் பாதத்தை ஊன்றி உட்கார்ந்திருப்பார். யாரையும் அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. டீ வந்த நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். அவர் கையில் அந்தத் தாள்தான் இருந்தது.

"என்னங்க மேடம், எட்டு போட்டிருக்கீங்க. கீயில உள்ள பாயிண்ட் ஒண்ணுகூட இல்லியே."

"யோசிச்சு எழுதியிருக்கு சார்."

"யோசிச்சதுக்குக் கீயில மார்க் இல்லீங்களே."

"பேப்பரே அதுக்குத்தான சார் வச்சிருக்காங்க."

அவர் சிரித்தார். கேலியாகச் சிரிக்கவில்லை, அலுப்பாகத்தான் சிரித்தார். "எனக்குத் தெரியுதுங்க. நல்லாத்தான் எழுதியிருக்கு. ஆனா கீய மீறி நான் கையெழுத்துப் போட முடியாது. நாளைக்கு யாராச்சும் எடுத்துப் பாத்து, எதை வச்சு எட்டுன்னு கேட்டா, என்னையத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க. கீப்படி பாத்தா இதுக்கு ரெண்டுதான் வரும்."

"ரெண்டு போட்டா ஃபெயில் ஆயிடும் சார்."

அவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அடித்திருந்த பகுதியைத்தான் படித்தார். பொறுமையாக, வரி வரியாகப் படித்தார்.

"இந்தா, இங்க எல்லாப் பாயிண்டும் இருக்கே. ஒண்ணு விடாம இருக்கு. இதுக்குப் போட்டுடுங்க, எட்டு."

"அது அடிச்சது சார்."

"அடிச்சா என்னங்க, படிக்க முடியுதுல்ல? ஒரு கேள்விக்கு ரெண்டு பதில் எழுதியிருந்தா, எதுக்கு மார்க் அதிகமா வருதோ அத எடுத்துக்கலாம்னு விதி இருக்கு. பதட்டத்துல அடிச்சிடுச்சுன்னு வச்சுக்குவோம்."

"பதட்டத்துல அடிக்கல சார். காரணத்த எழுதி வச்சுட்டு அடிச்சிருக்கு. வேணாம்னு சொன்னதுக்கு மார்க் போட்டு, வேணும்னு சொன்னதுக்கு இல்லன்னா, அந்தப் பிள்ளை செஞ்சதுக்கு என்ன சார் அர்த்தம்?"

என் குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. பக்கத்து மேசைகளில் பேனாக்கள் நின்றன. சேர்மன் என்னை உட்காரச் சொன்னார். தன் டீயை என் பக்கம் நகர்த்திவைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பிள்ளை பாஸ் ஆகணுமா, இல்ல நீங்க சொல்றது ஜெயிக்கணுமா? அத மட்டும் சொல்லுங்க."

அப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டிருக்கக் கூடாது என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவர் கேட்டதில் தப்பு என்ன என்று அன்று என்னால் சொல்ல முடியவில்லை. கடைமடை வயல்காரர் வீட்டுப் பிள்ளை. முதல் செமஸ்டரிலேயே அரியர் விழுந்தால் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று எனக்குத் தெரியும். பெண் பிள்ளையாக இருந்தால் படித்தது போதும் என்பார்கள். பையனாக இருந்தால் திருப்பூருக்குப் போ, சிங்கப்பூருக்குப் போ என்பார்கள். அந்த வீட்டில் யாரும் இந்தத் தாளை எடுத்துப் படித்து, அடடா என்ன நேர்மை என்று சொல்லப் போவதில்லை. யார் சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார், வேறு விதமாகவும் இருக்கலாமா. நான் நடத்திய பாடத்தை எனக்கே நடத்திப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் சேர்மன் சொன்னதுதான் அந்தப் பிள்ளைக்கு நல்லதாகத் தெரிந்தது. எனக்குத்தான் ஒப்பவில்லை.

மேசைக்குத் திரும்பி வந்து, போட்ட எட்டை அடித்தேன். அடித்த பதிலுக்குப் பக்கத்தில், ஓரத்தில், புதிதாக எட்டு போட்டேன். கையெழுத்தும் போட்டேன். அதோடு முடியவில்லை. இரண்டு பதில் இருந்தால், கணக்கில் எடுத்துக்கொள்ளாததைத் திருத்துபவர் அடித்துவிட்டு, கூடுதல் விடை என்று குறிக்க வேண்டும். அதுவும் விதி. சிவப்புப் பேனாவை எடுத்து அந்த இரண்டாவது பதிலை நான் அடித்தேன். எங்கள் வயல் கடைமடையில் இருக்கிறது என்பதன் மேல் ஒரு கோடு. நான் சொல்வதும் தவறாக இருக்கலாம் என்பதன் மேல் ஒரு கோடு. கிறுக்கவில்லை. அந்தப் பிள்ளை எப்படி அடித்திருந்ததோ அப்படியே, கீழே இருப்பது தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடாக இழுத்தேன். எதற்கு அப்படி அடித்தேன் என்று கேட்டால், எனக்கு அவ்வளவுதான் முடிந்தது.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வழி நெடுக வயலில் தண்ணீர் நின்றது. பிள்ளை பாஸ் ஆகியிருக்கும். விருப்பப்பட்டால் விடைத்தாளின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம் என்று ஒரு வசதி உண்டு. வாங்கிப் பார்த்தால், தான் வேண்டாம் என்று தள்ளியதற்கு எட்டு என்றும், தான் நினைத்ததன் மேல் சிவப்புக் கோடு என்றும் இருக்கும். பார்க்காமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். ஒரு வாத்தியார் வேண்டிக்கொள்கிற விஷயமா இது என்று தோன்றியது. தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்துத் தூங்கிவிட்டேன்.

அடுத்த ஜூனில் மறுபடி வேலை கிடைத்தது. மறுபடி அதே தாள், அதே மதிய வேளை. புதுப் பிள்ளைகள், அதே தூக்கம். எழுதிக்கொண்டு வரும்போது எண்ணம் மாறினால் மாற்றி எழுதுங்கள் என்று போன வருஷம் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கே நம்பிக்கை இல்லாமல்தான் சொன்னேன். அப்போது ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"மேம், பரீட்சையில எழுதிட்டு, இது சரியில்லன்னு தோணுச்சுன்னா அடிச்சிடலாமா? மார்க் போயிடாதா?"

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மார்க் என்ற சொல்லுக்கு மட்டும் அந்த வகுப்பில் தூக்கம் கலையும்.

"அடிக்கலாம்மா. ஆனா கிறுக்கி அடிக்காத. ஒத்தக் கோடா அடி. கீழ இருக்கறது படிக்கற மாதிரி இருக்கணும்."

எல்லாரும் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒற்றைக் கோடு, படிக்கும்படி. அந்தப் பெண் மட்டும் உட்காரவில்லை.

"வேணாம்னுதான மேம் அடிக்கறோம்? அப்புறம் எதுக்குப் படிக்கற மாதிரி இருக்கணும்?"

இப்படி ஒரு கேள்விக்காக எத்தனை மத்தியானங்கள் காத்திருந்தேன் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டதும் சந்தோஷப்படத்தான் வேண்டும். எனக்கோ கால் வலித்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எந்த முகாம், எந்த ஊர் என்று சொல்லாமல், மார்கழியில் நடந்ததை முழுக்கச் சொன்னேன். பிள்ளை அடித்ததைச் சொன்னேன், சேர்மன் கேட்ட கேள்வியைச் சொன்னேன், கடைசியில் சிவப்புப் பேனாவால் நான் அடித்ததையும் சொன்னேன். எதையும் விடவில்லை. கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த பையன்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"அப்ப நீங்க அடிச்சது சரியா மேம்?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா" என்றேன்.

அதை யாரும் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.